புறநகர்ச் சாலையில் இரண்டு மீட்டர் கேட்டு அலைந்த கதை

பெருநகரத்தை ஒட்டி வளர்ந்த எந்தப் புறநகருக்குப் போனாலும் அப்படி ஒரு சாலை இருக்கும். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே போன நெடுஞ்சாலை. பிறகு இரண்டு பக்கமும் வீடு, பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம் எல்லாம் வந்துவிட்டன, சாலை மட்டும் பழையபடியே கிடக்கிறது. நான்கு தடம், நடுவில் ஒரு கோடு, கடப்பதற்கு ஒழுங்கான இடம் கிடையாது. அப்படிப்பட்ட சாலையில் அடிபட்டு, அப்புறம் அதே சாலையில் கடப்பவர்கள் நடுவில் நிற்க இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு திட்டு கட்டச் சொல்லி அலைந்ததைத்தான் எழுதுகிறேன். எந்த அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும், எந்தப் பேச்சுக்கு என்ன பதில், எதைக் கொடுத்தால் சரியென்று வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்குப் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

விபத்து நடந்தது காலை வேளையில். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தேன். ஓரத்துத் தடத்தில் வந்த கார்க்காரர் நல்ல மனுஷர், வண்டியை நிறுத்திக் கையைக் காட்டி ‘போங்க’ என்றார். அவர் காருக்கு முன்னால் நடந்து, அடுத்த தடத்துக்குள் சைக்கிளின் முன்சக்கரம் நுழைந்ததுதான் தெரியும். அந்தத் தடத்தில் வந்தவருக்கு நின்றுகொண்டிருந்த கார் என்னை மறைத்துவிட்டது, எனக்கு அவரை மறைத்துவிட்டது. பம்பர் முன்சக்கரத்தில் மோதிய வேகத்தில் சைக்கிள் என்னையும் இழுத்துக்கொண்டு திரும்பியது, தோளில் விழுந்தேன், கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. ஒரே திசையில் இரண்டு தடம் உள்ள சாலைகளில் இது வழக்கமாக நடக்கும் விபத்து என்றும், சாலைப் பாதுகாப்புத் துறையில் இதைத் தனி வகையாகவே வைத்துப் பேசுகிறார்கள் என்றும் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வண்டி நின்று வழிவிட்டால் அந்த வண்டியின் மறு ஓரம் வரை மட்டும் போங்கள், அங்கே நின்று தலையை மட்டும் நீட்டி அடுத்த தடத்தைப் பாருங்கள், அப்புறம் கால் வையுங்கள். கை காட்டுகிறவர் தன் தடத்துக்குத்தான் பொறுப்பு சொல்ல முடியும். நீங்கள் வண்டி ஓட்டுபவராக இருந்தால், கடப்பவருக்கு உரசுகிற மாதிரி வந்து நிற்காமல் சில மீட்டர் முன்னாலேயே நிறுத்துங்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் பக்கத்துத் தடத்துக்காரருக்கு ஆள் நடப்பது தெரியும்.

அடிபட்ட அன்றைக்கு எலும்பு முறிந்ததைவிட எரிச்சல் தந்தது, காவல் நிலையப் பதிவேட்டில் விபத்தை எழுதியிருந்த விதம். நான் மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஓட்டுநர் சொன்னதை வைத்து ‘பாதசாரி திடீரென்று சாலையின் குறுக்கே வந்தார்’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். முதலில் நின்று வழிவிட்ட கார்க்காரரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் கேமரா இருந்தது, நான் தேறி எழுந்து போய்க் கேட்டபோது பழைய பதிவு மேல் புதியது பதிவாகிவிட்டது என்றார்கள். பெரும்பாலான கேமராக்களில் சில நாள் அல்லது சில வாரப் பதிவுதான் தங்கும். அதனால் வீட்டில் ஒருவரை அன்றைக்கே அனுப்பி, இன்ன தேதி இன்ன நேரப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். டயர் தேய்ந்த தடம், உடைந்த கண்ணாடித் துண்டு கிடந்த இடம், தெருவிளக்குக் கம்பத்தின் எண் இதெல்லாம் போட்டோவில் வர வேண்டும், மழை பெய்தால் தடம் போய்விடும். வளைந்த சைக்கிளைச் சரிசெய்யக் கொடுத்துவிடாதீர்கள், எந்தப் பக்கத்திலிருந்து எப்படி மோதியது என்பதற்கு அதுவே சாட்சி. என் சைக்கிளின் முன்ஃபோர்க் இடதுபக்கம் வளைந்திருந்ததை வைத்துத்தான் நான் ஓடிவரவில்லை, மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தேன் என்பதை ஓரளவாவது பேச முடிந்தது.

பணக்கணக்கைச் சொல்கிறேன். சிகிச்சைச் செலவில் ஒரு பகுதி காப்பீட்டில் வந்தது, மீதி சேமிப்பிலிருந்து போனது. வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளம் வெட்டினார்கள். கை தூக்க முடியாமல் இருந்த மாதங்களில் எங்கே போவதென்றாலும் வாடகை வண்டிதான், சைக்கிளில் காசில்லாமல் போன தூரத்துக்கெல்லாம் காசு கொடுத்தேன். இதற்கெல்லாம் ரசீதை ஒரே உறையில் போட்டு வையுங்கள், இழப்பீடு கேட்கும்போது வாடகை வண்டிச் செலவையும் கேட்கலாம் என்று பலருக்குத் தெரிவதே இல்லை. கணக்கில் வராதது ஒன்று உண்டு. முதுகுக்குப் பின்னால் டயர் சத்தம் கேட்டாலே தோள் இறுகிவிடும். எலும்பு கூடிய பிறகும் வெகுநாள் சைக்கிளைத் தொடவில்லை. பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ‘பார்த்துப் போகக் கூடாதா’ என்றுதான் கேட்டார்கள், சாலையை யார் இப்படிப் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் மனு எழுத உட்கார்ந்தேன்.

மனு போட்டதும் முதலில் தெரிந்தது, சாலை ஒன்றுதான், சொந்தக்காரர்கள் பலர் என்பது. தார் போட்ட பகுதி ஒரு துறைக்கு, நடைபாதையும் வடிகாலும் நகராட்சிக்கு, சிக்னல் போக்குவரத்துக் காவலுக்கு, பேருந்து நிறுத்தம் பேருந்து நிர்வாகத்துக்கு, விளக்கு இன்னொருவருக்கு. ‘இந்தச் சாலையைப் பாதுகாப்பானதாக மாற்றித் தாருங்கள்’ என்று ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதினால் ஒவ்வொருவரும் இது எங்களுடையது இல்லை என்று அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். என் மனு அப்படித்தான் சுற்றி, மாதக்கணக்கில் கழித்து முதலில் கொடுத்த மேசைக்கே வந்து சேர்ந்தது. சாலை யாருடையது என்று எழுத்தில் பதில் வாங்குவதுதான் முதல் வேலை. அதற்கப்புறம் ஒரு மனுவில் ஒரு கோரிக்கை, ஒரு இடம், ஒரு வரைபடம், அவ்வளவுதான். ஒப்புகை எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். வாய்மொழியாகச் சொன்னதை அன்றைக்கே ‘இன்று நேரில் தாங்கள் கூறியபடி’ என்று தொடங்கி மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பாதிப் பேச்சு அந்த ஒரு வரியால் நிலைத்து நிற்கும்.

சரியான ஆளைப் பிடித்தபோது அவர் சொன்னது, இங்கே கடப்பவர்கள் குறைவு, கணக்கெடுப்பில் வரவில்லை, அதனால் தேவையில்லை. பயந்துகொண்டு கடக்காமல் இருப்பவர் எந்தக் கணக்கெடுப்பில் வருவார்? பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்புறம் தெரிகிற வீட்டுக்குப் போக ஒரு வயதானவர் அடுத்த சிக்னல் வரை நடந்து சுற்றி வருகிறார். அரை கிலோமீட்டர் தூரத்துப் பள்ளிக்குப் பிள்ளையைக் காரில் கொண்டுபோய் விடுகிறார்கள். இதைச் சொல்ல எனக்கு வேறு ஆதாரம் தேவைப்பட்டது. சாலையோரப் புல்வரப்பில் ஒரு இடத்தில் மட்டும் புல்லே இல்லை, இரண்டு கால் அகலத்துக்கு மண் இறுகிப் பளபளவென்று கிடந்தது, அதன் இரு முனையிலும் கரைக்கல் விளிம்பு தேய்ந்திருந்தது. நிறுத்தத்துக்கு நேர் எதிரே. அதை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து மனுவோடு வைத்தேன். எங்கே கடக்கிறார்கள் என்று மக்களே காலால் வரைந்து வைத்திருக்கும் கோடு அது. அதை விட்டு நூறு மீட்டர் தள்ளிக் கடக்கும் இடம் போட்டால் யாரும் போக மாட்டார்கள்.

அடுத்து வேகம். ‘எல்லோரும் வேகமாகப் போகிறார்கள்’ என்று எழுதினால் அதற்கு மதிப்பே இல்லை. ஆனால் வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். சாலையோரம் 50 மீட்டர் டேப் வைத்து அளந்து இரண்டு குறி போட்டுக்கொள்ளுங்கள், செல்போனில் நேரம் பாருங்கள். ஒரு வண்டி அந்தத் தூரத்தை 6 விநாடியில் தாண்டினால் 30 கி.மீ. வேகம், 3.6 விநாடி என்றால் 50, 3 விநாடி என்றால் 60. நெரிசல் நேரத்தில் எடுத்தால் எல்லாம் மெதுவாகத்தான் தெரியும், விடியற்காலையிலும் இரவிலும் எடுக்க வேண்டும், சாலை காலியாக இருக்கும்போதுதான் அதன் உண்மையான வேகம் தெரியும். இதைக் கணக்கோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி என்று வைத்தாலும், காய்ந்த சாலையில் 30-ல் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும், 50-ல் வருவதற்குச் சுமார் 28 மீட்டர் வேண்டும், 60-ல் 36. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் 60-ல் மோதினால் 30-ல் மோதுவதைப் போல நான்கு மடங்கு. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான அபாயம் 4 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மனிதர்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் 30 கி.மீ.தான் உச்சவரம்பாக இருக்க வேண்டும் என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் சொன்னதையும் ஒரு வரி சேர்த்தேன். மேசைக்கு அந்தப்புறம் இருப்பவர்களும் மேலிடத்துக்குக் கோப்பு எழுத வேண்டும், அவர்கள் எடுத்து ஒட்டிக்கொள்ள ஒரு வரி நம்மிடமிருந்து போனால் கோப்பு நகரும்.

இந்த இடத்தில்தான் ஒரு பரிசு வந்தது, பெயின்ட். ஒரு நாள் காலை போய்ப் பார்த்தால் நிறுத்தத்துக்கு எதிரே ஜீப்ரா கோடு, சாலையோரத்தில் சைக்கிள் படம் போட்ட ஒரு பட்டை. பாராட்டுகள் குவிந்தன, நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நான்கு தடச் சாலையில் வேகத்தைக் குறைக்காமல் வெறும் வெள்ளைக் கோடு போட்டால், என்னை அடித்த அதே விபத்துக்கு இடத்தைக் குறித்துக் கொடுத்தது மாதிரிதான். ஓரத்தில் ஒருவர் நிற்பார், நடுத் தடத்தில் ஒருவர் நிற்க மாட்டார். சைக்கிள் பட்டையோ நிறுத்தி வைத்த கார்களை ஒட்டிப் போனது. கார்க் கதவு திறந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் வெளியே வரும், பட்டையின் அகலமே அதைவிடக் கொஞ்சம்தான் கூட. கதவில் மோதாமல் இருக்க வேண்டுமென்றால் பட்டைக்கு வெளியேதான் ஓட்ட வேண்டும், அப்படி ஓட்டினால் ‘உனக்குத்தான் தனியா பாதை இருக்கே’ என்று ஹாரன். சிக்னல் சந்திப்பு வருவதற்கு முன்னால், எங்கே மிகவும் தேவையோ அங்கே, பட்டை காணாமல் போய்விடும். சில வாரத்தில் அது முழுக்க வண்டி நிறுத்துமிடம் ஆகிவிட்டது. இதில் வேலை முடிந்ததென்று கோப்பை மூடப் பார்த்தார்கள். ‘கோரிக்கை நிறைவேற்றப்பட்டது’ என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள், ‘பகுதி நிறைவேற்றம், மீதி நிலுவை’ என்று நீங்களே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

நான் கேட்டது மேம்பாலமோ சுரங்கப்பாதையோ இல்லை. அவை இருந்தாலும் முழங்கால் வலிக்காரரும் சைக்கிள்காரரும் ஏற மாட்டார்கள், கீழே ஓடிப் போகத்தான் பார்ப்பார்கள். சாலை நடுவில் நிற்க ஒரு திட்டு, அவ்வளவுதான் கேட்டேன். எங்கள் சாலையில் தடம் ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர், ஆக மொத்தம் 14 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு முழுவதும் கடக்கக் கிட்டத்தட்ட 12 விநாடி, விநாடிக்கு 0.8 மீட்டரே நடக்க முடிகிற முதியவருக்குப் பதினேழரை விநாடி. அவ்வளவு நேரத்துக்கு இரண்டு திசையிலும் வண்டி வராத இடைவெளி அந்தச் சாலையில் கிடைக்காது. நடுவில் நிற்க முடிந்தால் ஒரு நேரத்தில் ஒரு திசையைப் பார்த்தால் போதும். இடம் எங்கே என்றார்கள். தடத்தை மூன்று மீட்டராக்குங்கள் என்றேன். பேருந்தே இரண்டரை மீட்டர் சொச்சம்தான் அகலம். நான்கு தடத்தில் அரை மீட்டர் வீதம் எடுத்தால் இரண்டு மீட்டர் கிடைத்துவிடுகிறது, யாருடைய நிலத்தையும் எடுக்க வேண்டாம், ஒரு தடத்தையும் குறைக்க வேண்டாம், தடம் குறுகினால் ஓட்டுநரின் கால் தானாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து எழும்பும். அந்த இரண்டு மீட்டரில் கறாராக இருங்கள். ஒரு சைக்கிளின் நீளம் சுமார் 1.8 மீட்டர், குழந்தை வண்டியைத் தள்ளும் ஆளும் அதே அளவுக்கு இடம் பிடிப்பார். ஒன்றேகால் மீட்டரில் திட்டு கட்டினால் பின்சக்கரம் சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் திட்டில் ஏற படி வைக்காமல் சாலை மட்டத்துக்கே வழி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சக்கர நாற்காலிக்காரர் நடுச்சாலையில் மாட்டிக்கொள்வார். வண்டிகள் நிற்க வேண்டிய கோட்டையும் கடக்கும் இடத்திலிருந்து ஆறு மீட்டராவது பின்னால் போடச் சொல்லுங்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நான் ஒருவன், எதிரே அறை நிறைய ஆட்கள். போக்குவரத்து நின்றுவிடும், ஆம்புலன்ஸ் போக முடியாது, வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். தனி மனிதராகப் போய் நிற்பது எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருவர் என்னிடமே ‘உங்களுக்கு அடிபட்டதற்கு ஊருக்கே தண்டனையா’ என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன், அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. நீங்கள் தனியாகப் போகாதீர்கள். பள்ளிப் பெற்றோர்கள் சிலர், நிறுத்தத்தில் தினமும் நிற்கும் ஒரு முதியவர், கண்பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர், முடிந்தால் அந்த வழித்தடத்தின் பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்தால் பேச்சின் தொனியே மாறும். வெளிநாட்டு உதாரணம் சொல்வதானால் ‘அவர்களுக்கு எல்லாம் முதலிலிருந்தே அப்படித்தான்’ என்ற பதிலுக்குத் தயாராகப் போங்கள். நெதர்லாந்தில் 1971-ல் சாலையில் இறந்த குழந்தைகள் மட்டும் 400-க்கு மேல், பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் இன்றைய சைக்கிள் பாதைகள் வந்தன. நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் சின்ன நகரம் ஹொபோக்கன், அங்கே சந்திப்பு முனைகளில் வண்டி நிறுத்துவதை எடுத்துவிட்டு, கடப்பவரும் ஓட்டுபவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி செய்தார்கள், 2017-க்குப் பிறகு பல வருடம் சாலை மரணமே இல்லை. 2019-ல் நார்வே தலைநகர் ஆஸ்லோவில் ஒரு பாதசாரியோ சைக்கிள்காரரோ சாலையில் சாகவில்லை.

வாதத்தால் எதுவும் நகரவில்லை, சோதனையால் நகர்ந்தது. நிரந்தரமாகக் கட்ட வேண்டாம், பிளாஸ்டிக் கம்பமும் கூம்பும் வைத்துச் சில வாரம் பாருங்கள், சரிப்படவில்லை என்றால் எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஒப்புக்கொள்வது யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை. சோதனை தொடங்கும் முன்னால் நடுநிலையாக ஒருவரை வைத்து வேகம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது. முதல் வாரம் ஏச்சுதான், கம்பங்களில் பாதி இடித்துச் சாய்ந்து கிடந்தன. அதுவே நமக்குச் சாதகம், எந்த வண்டி எந்த இடத்தில் அகலமாகத் திரும்புகிறது என்று சாய்ந்த கம்பம் காட்டிக் கொடுத்துவிடும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களே வந்து, வண்டிகள் ஒதுங்க இடம் இருக்கிறது, எங்களுக்குத் தொல்லை இல்லை என்று சொன்னபோது எதிர்ப்பு பாதியாகக் குறைந்தது.

கட்ட நிதி இல்லை என்ற கடைசிச் சுவரை உடைத்தது ஒரு பட்டியல். எந்தச் சாலைக்கு எப்போது மறுபடி தார் போடப் போகிறார்கள் என்று ஒவ்வொரு துறையிலும் வருடாந்தரப் பட்டியல் இருக்கும். தார் போட்ட பிறகு எப்படியும் கோடு போட்டாக வேண்டும், அதைப் பழைய இடத்தில் போடாமல் புதிய இடத்தில் போட்டால் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, திட்டுக்கான கரைக்கல் மட்டும்தான். எங்கள் சாலை அந்தப் பட்டியலில் அடுத்த பருவத்தில் இருந்தது. ஒப்பந்தப்புள்ளி விடுவதற்கு முன்னாலேயே வரைபடம் உள்ளே போக வேண்டும், விட்ட பிறகு போனால் அடுத்த முறை தார் போடும் வரை பல வருடம் காத்திருக்க வேண்டியதுதான். நான் கோப்பு தூக்கிக்கொண்டு அலைந்த காலம் முழுக்க இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை, ஒரு இளநிலைப் பொறியாளர் படியில் இறங்கும்போது போகிற போக்கில் சொன்னார். உங்களுக்கு நான் சொல்வது, முதல் மனுவே அந்தப் பட்டியலைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

திட்டு வந்துவிட்டது, சரியாக இரண்டு மீட்டர். சைக்கிளைத் தொட மறுபடி மனசு வந்தது அதற்கப்புறம்தான். சின்ன வேலை ஒன்றும் சேர்ந்து முடிந்தது. ஓரத்து வடிகால் மூடியின் கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே நீளமாக ஓடின, சைக்கிள் டயர் அந்த இடுக்கில் இறங்கினால் ஓட்டுபவர் தலைகுப்புறப் போக வேண்டியதுதான். மூடியைத் தூக்கித் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்தால் கம்பி குறுக்கே வந்துவிடும். சதுர மூடியாக இருந்ததால் இரண்டு தொழிலாளிகள் ஒரு காலை வேளையிலேயே முடித்துவிட்டார்கள். நீள்சதுர மூடியென்றால் மாற்றத்தான் வேண்டும். சந்திப்பு முனைகளின் வளைவு இன்னும் அகலமாகவே இருக்கிறது, வண்டிகள் வேகம் குறைக்காமல் திரும்புகின்றன. சிக்னலில் நடப்பவருக்குப் பச்சை விழுந்து சில விநாடி கழித்துத் திரும்பும் வண்டிக்குப் பச்சை விழ வேண்டும் என்று கேட்ட மனு போக்குவரத்துக் காவலில் இருக்கிறது, பெட்டிக்குள் நேரத்தை மாற்றி அமைத்தாலே போதும் என்பதால் அதை விடுவதாக இல்லை. சைக்கிள் பட்டை இன்னமும் கார் நிறுத்துமிடம்தான். அடுத்த பருவத்துக்கான தார்ப் பட்டியலில் பள்ளிக்கூடச் சாலை வந்திருக்கிறது, வரைபடத்தைக் கொடுத்து ஒப்புகை எண் வாங்கிவிட்டேன்.